பல்லைப் பிடித்துப் பார்ப்போம்!

பள்ளி விடுமுறையும் தொலைக்காட்சியும் கூட்டுச் சேர்ந்துவிட்டன. இந்த வாரக் கடிதக் கட்டில் முக்கால்வாசி டைனோசரைப் பற்றியே. அரசியல் கேள்வி அனுப்பிய அன்பர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளவும். அந்த ஜீவராசிகள் இப்போதைக்கு அழியப்போவதில்லை.

கே: நம் நாட்டில் டைனோசர் இருந்ததாமே? நிஜமா, கதையா?
– ‘சந்தேகப் பிராணி’, புந்தோங்

ப: நிஜம். ஆதாரத்தின் நீளம் 23 மில்லிமீட்டர், அகலம் 10 மில்லிமீட்டர். பகாங் மாநிலத்துப் பாறையில் கிடைத்த ஒற்றைப் பல். மலாயாப் பல்கலைக்கழகத்தின் மசாத்தோஷி சோனே தலைமையில் ஜப்பானியப் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து தேடி, 2014 பிப்ரவரியில் அறிவித்தார்கள். ஸ்பைனோசரிட் என்ற குடும்பத்தைச் சேர்ந்த மாமிசபட்சிணியின் பல் அது. கிடைத்த இடத்தை மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுநாளே நாம் நாலு பேர் மண்வெட்டியோடு பஸ் ஏறியிருப்போம். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். இந்தப் பிராணிக்குப் பல் போனதால்தான் நம்மிடம் சொல்லே வந்தது.

கே: ஒரே ஒரு பல்லை வைத்து இன்ன மிருகம், இன்னது தின்றது என்கிறார்களே, இது விஞ்ஞானமா, ஜோசியமா?
– லோரி ஓட்டுநர், சிலிபின்

ப: ஜோசியர் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வார், அண்ணே. இவர்கள் பல்லைப் பார்த்துச் சொல்கிறார்கள். பல் முகஸ்துதிக்கு மயங்காது.

இறைச்சி தின்னும் டைனோசர்களில் பெரும்பாலானவற்றின் பல் பக்கவாட்டில் தட்டையாக, பின்னோக்கி வளைந்திருக்கும். முன் விளிம்பிலும் பின் விளிம்பிலும் நுண்ணிய ரம்பப் பற்கள் வரிசையாக நிற்கும். சதையில் பதித்துப் பின்னால் இழுத்தால் அறுத்துக்கொண்டு வரும். ஸ்பைனோசரிட் பல் அப்படியில்லை. குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஏறக்குறைய வட்டம். உருவம் கூம்பு. ரம்பம் மிக நுணுக்கமாக இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. அதற்குப் பதில் நுனியிலிருந்து அடிவரை நீளவாக்கில் வரிவரியாக மேடுகள் ஓடும். அந்தப் பல்லால் அறுக்க முடியாது. குத்திப் பிடித்து, வழுக்கிப் போகாமல் நிறுத்தத்தான் முடியும். இன்றைக்கு அப்படிப்பட்ட பல் யாரிடம் இருக்கிறது? முதலையிடம். முதலைகளிலும், ஒல்லி மூக்கோடு நம் ஆறுகளில் வாழும் ஜூலோங் முதலையிடம்.

பகாங் பல்லில் முன்னும் பின்னும் விளிம்புக் கோடு தெளிவாக இருக்கிறது, வரிமேடுகள் இருக்கின்றன, மேற்பரப்பில் நுண்ணிய சொரசொரப்பு இருக்கிறது. மூன்றும் சேர்ந்தால் குடும்பப் பெயர் உறுதி. இன்னார் மகன் இன்னார் என்று சொல்ல அது போதாது. அவர்களும் சொல்லவில்லை. அந்த அடக்கத்துக்காகவே நான் அவர்களை நம்புகிறேன்.

கே: அப்படியென்றால் நம்மூர் டைனோசர் மீன் தின்னியா? கேட்கவே சப்பென்று இருக்கிறதே!
– ‘வீரப்பரம்பரை’, சுங்கை சிப்புட்

ப: மீனை அவ்வளவு லேசாக நினைக்காதீர்கள். அதே காலத்துப் பகாங் ஆறுகளில் நன்னீர்ச் சுறாக்கள் இருந்தன. அவற்றின் பற்களையும் அதே குழுவினர் கண்டெடுத்து 2019இல் எழுதினார்கள். ஆற்றில் சுறா மிதக்கும் ஊரில் மீன் பிடிப்பது வீரம்தான்.

மீன் தின்றதற்கு நேரடிச் சாட்சி இங்கிலாந்தில் இருக்கிறது. 1983இல் சர்ரே வட்டாரத்துக் களிமண் குழி ஒன்றில் வில்லியம் வாக்கர் ஒரு பெரிய நகத்தைக் கண்டெடுத்தார். அவர் தொழில் குழாய் வேலை. ஓய்வு நேரத்தில் புதைபடிவம் தேடுவார். வளைவோடு அளந்தால் நகம் 31 சென்டிமீட்டர். பின்னாலேயே எலும்புக்கூட்டின் பெரும்பகுதியும் வந்தது. 1986இல் அதற்குப் பாரியோனிக்ஸ் வாக்கரி என்று பெயரிட்டார்கள். வயிறு இருந்த இடத்தில் என்ன கிடைத்தது தெரியுமா? வயிற்று அமிலத்தில் அரித்துப்போன மீன் செதில்கள். கூடவே ஒரு குட்டி இகுவானோடோனின் எலும்புகளும். இகுவானோடோன் இலை தின்னும் டைனோசர். ஆக, மீன் கிடைத்தால் மீன், குட்டி மாட்டினால் குட்டி. பிரேசிலில் பறக்கும் ஊர்வன ஒன்றின் கழுத்தெலும்பில் ஸ்பைனோசரிட் பல் குத்தி நின்றபடியே கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை விரதம் இருந்ததற்கு மட்டும் ஆதாரம் இல்லை.

கே: பகாங் டைனோசருக்கு நம் நாட்டுப் பெயர் ஏதாவது வைக்கக் கூடாதா?
– தமிழாசிரியர், பத்து காஜா

ப: ஒரு பல்லுக்கெல்லாம் பெயர் சூட்டினால் பின்னால் வழக்கு வரும், ஐயா. பக்கத்து வீட்டுத் தாய்லாந்தில் 1986இல் பற்களை மட்டுமே வைத்து சியாமோசரஸ் என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயர் செல்லுமா செல்லாதா என்று இன்றுவரை விவாதம் ஓய்ந்தபாடில்லை. லாவோஸ்காரர்கள் பொறுமைசாலிகள். முதுகெலும்பும் இடுப்பெலும்பும் கிடைத்த பிறகு, 2012இல்தான் இக்தியோவெனேட்டர் வந்தது. நமக்கும் ஒரு தாடை கிடைக்கட்டும்.

கே: அது தண்ணீரில் நீந்தி வேட்டையாடியதா? கரையில் நின்று பிடித்ததா?
– தூண்டில்காரர், தஞ்சோங் ரம்புத்தான்

ப: நல்ல இடத்தில் கையை வைத்தீர்கள். விஞ்ஞானிகளே இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள்.

குடும்பத்துக்குப் பெயர் தந்தவர் ஆப்பிரிக்காவின் ஸ்பைனோசரஸ். எகிப்துப் பாலைவனத்தில் கிடைத்த எலும்புகளை வைத்து ஜெர்மானியர் எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் 1915இல் விவரித்தார். முதுகெலும்பிலிருந்து 1.65 மீட்டர் உயரத்துக்கு முட்கள் எழும்பியிருந்தன. தோல் போர்த்தினால் பாய்மரம். அந்த எலும்புகள் மூனிக் அருங்காட்சியகத்தில் இருந்தன. 1944 ஏப்ரலில் விழுந்த குண்டுகளில் எல்லாம் சாம்பல். மிஞ்சியவை படங்களும் குறிப்புகளும். பிறகு மொரோக்கோவில் நிஸார் இப்ராஹிம் குழுவினர் வேறொரு எலும்புக்கூட்டைக் கண்டு 2014இல் எழுதினார்கள். அதன் பின்னங்கால்கள் குட்டை. 2020இல் வாலையும் வெளியிட்டார்கள். அது துடுப்பு மாதிரி உயரமாக, தட்டையாக இருந்தது. ‘நீச்சல்காரன்’ என்றது ஒரு கட்சி. எலும்பு கெட்டியாக, உள்ளே நிறைந்திருப்பதைக் காட்டி, முங்குவதற்கேற்ற உடம்பு என்றும் வாதாடியது. ‘பாய்மரத்தை முதுகில் கட்டிக்கொண்டு எவன் முங்குவான்? கவிழ்ந்துவிடும், வேகமும் வராது’ என்றது மறு கட்சி. அவர்கள் கணக்குப்படி அது கரையோரத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று, வாயின் நுனியைத் தண்ணீரில் விட்டு, மீன் வரும்வரை காத்திருந்தது. ஔவைப்பாட்டி காட்டிய கொக்கேதான், எடை மட்டும் சில டன் கூடுதல்.

மூக்குத் துளை இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். வாய்நுனியில் இல்லை, வெகு பின்னால் தள்ளி இருக்கிறது. வாயின் முன்பாதி தண்ணீருக்குள் இருந்தாலும் மூச்சு விடலாம். முதலைக்கோ மூக்கு நுனியில். முங்கிக் கிடந்து நுனியை மட்டும் வெளியே நீட்ட அது வசதி. இந்த ஒரு வித்தியாசத்துக்காக நான் கொக்குக் கட்சிப் பக்கம் சாய்கிறேன். உறுப்பினர் அட்டை இன்னும் வாங்கவில்லை.

கே: எனக்கு ஒரு பல் விழுந்தாலே வீடு துக்க வீடாகிறது. டைனோசருக்குப் பல் விழுந்தால்?
– ‘பல்லில்லாப் பாட்டி’, புந்தோங்

ப: அதற்கு நாளும் பொழுதும் விழும், பாட்டி. விழ விழ முளைக்கும். மொரோக்கோப் பற்களைச் சீவி, உள்ளே தினமும் படிந்த கோடுகளை எண்ணியதில், ஸ்பைனோசரஸ் ஒரு குழியில் 59 முதல் 68 நாளுக்கு ஒருமுறை புதுப் பல் போட்டிருக்கிறது. டி. ரெக்ஸுக்கு ஒரு பல் மாற இரண்டு வருஷத்துக்கு மேல். மீன் தின்னி உதிர்த்துக்கொண்டே போனதால்தான் எலும்பு கிடைக்காத ஊரிலும் பல் கிடைக்கிறது. மொரோக்கோவின் ஓர் ஆற்றுப் படுகையில் பொறுக்கிய 1,200க்கும் மேற்பட்ட பற்களில் 45 சதவீதம் ஸ்பைனோசரஸுடையவை. புந்தோங் முறுக்கை நீங்கள் ஊறவைத்துச் சாப்பிடுங்கள்.

கே: ‘ஜுராசிக் பார்க்’ மூன்றாம் படத்தில் ஸ்பைனோசரஸ் டி. ரெக்ஸின் கழுத்தை முறிக்கிறதே, நிஜத்தில் யார் ஜெயிப்பார்?
– இரண்டாம் படிவ மாணவர், மெங்லெம்பு

ப: தேதி ஒத்துவராது, தம்பி. ஸ்பைனோசரஸ் வட ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய 9.5 கோடி ஆண்டுகளுக்கு முன் இருந்தது. டி. ரெக்ஸ் வட அமெரிக்காவில், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் கதை முடியும் நேரத்தில் வந்தது. இடையில் கிட்டத்தட்ட 3 கோடி வருஷமும் ஒரு சமுத்திரமும். வாடகைக்கு ஆள் வைத்தாலும் சண்டை நடக்காது.

கே: டி. ரெக்ஸுக்குக் கை ஏன் அவ்வளவு சின்னது? அதை வைத்து எப்படி வேட்டையாடியது?
– தையற்கடைக்காரர், புந்தோங்

ப: அதை வைத்து வேட்டையாடவில்லை. 12 மீட்டர் உடம்பில் கை ஏறக்குறைய ஒரு மீட்டர். சட்டை தைத்தால் உங்களுக்குத் துணி மிச்சம். வேலை முழுவதும் தலைக்குத்தான். பெரிய தலை, தடித்த கழுத்து, எலும்பையே நொறுக்கும் தடிமனான பல். கடியின் விசை 34,500 நியூட்டன் வரை போயிருக்கலாம் என்று 2017இல் ஒரு கணக்கு வந்தது. உயிரோடிருக்கும் பிராணிகளில் அளந்து பார்த்ததில் உப்புநீர் முதலையின் கடிதான் உச்சம்: 16,414 நியூட்டன். முதலைக்கு வாய் திறந்து அளவுமானி வைத்த மனிதரின் கை டி. ரெக்ஸின் கையைவிட நீளமாக இருந்திருக்கக் கடவது.

‘ஜுராசிக் பார்க்’ படத்தில் ‘அசையாமல் நின்றால் அதற்குக் கண் தெரியாது’ என்று வசனம் வரும். தயவுசெய்து முயல வேண்டாம். கண்கள் இரண்டும் முன்னோக்கி இருந்தன. இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும் பரப்பு சுமார் 55 பாகை. தூரத்தை மட்டுக்கட்ட அது தாராளம். மூளையில் வாசனைக்கான பகுதியும் பெரிது. நின்றாலும் தெரியும், ஒளிந்தாலும் மணக்கும்.

‘செத்ததைத்தான் தின்றது’ என்று சொல்பவர்களும் உண்டு. அவர்களுக்குப் பதில் ஒரு வாலெலும்பு. எட்மொன்டோசரஸ் என்ற தாவர உண்ணியின் வாலில் டி. ரெக்ஸின் பல் முறிந்து நிற்கிறது. அதைச் சுற்றி எலும்பு வளர்ந்து மூடியிருக்கிறது. 2013இல் எழுதினார்கள். செத்த பிராணிக்குப் புண் ஆறாது. கடித்தபோது அது உயிரோடு இருந்தது, கடிபட்டும் தப்பியது. வேட்டைக்காரரும் சில நாள் வெறுங்கையோடு வீடு திரும்பியிருக்கிறார்.

கே: என் கப்சாயில் போனால் டி. ரெக்ஸ் துரத்திப் பிடிக்குமா?
– சாப்பாடு விநியோகிப்பவர், ஈப்போ

ப: பிடிக்காது. அந்த எடையோடு ஓடினால் கால் எலும்பே உடைந்துவிடும் என்று 2017இல் கணினி வைத்துக் கணக்குப் போட்டார்கள். விரைந்து நடந்தால் மணிக்கு 20 கிலோமீட்டர் அளவு. ஆற அமர நடந்தால் 4.6 கிலோமீட்டர், நாம் பசாருக்கு நடக்கும் வேகம். ஆனால் சமிக்ஞை விளக்கில் சிவப்பு விழுந்தால் என்னைக் குற்றம் சொல்லக் கூடாது.

கே: ராப்டர்கள் ஓநாய் மாதிரி கூட்டமாக வேட்டையாடுமா?
– நான்காம் படிவ மாணவி, கோப்பெங்

ப: படம் சொல்கிறது, பல் தயங்குகிறது. டைனோனிக்கஸ் என்ற ராப்டரின் எலும்புகள் பெரிய தாவர உண்ணி ஒன்றின் எலும்புகளோடு சேர்ந்தே கிடைத்ததால் கூட்டு வேட்டைக் கதை பிறந்தது. 2020இல் குட்டிகளின் பல்லையும் பெரியவற்றின் பல்லையும் வேதியியல் முறையில் ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒரே சாப்பாடு சாப்பிட்டதாகத் தெரியவில்லை. கூட்டமாக வேட்டையாடும் பிராணி குட்டிக்கும் பங்கு தரும். இவை முதலையைப் போல, குட்டி தன் பாட்டைத் தானே பார்க்கிற வம்சமாக இருந்திருக்கலாம்.

வெலோசிராப்டரின் அசல் அளவு வான்கோழிதான். 2007இல் அதன் கையெலும்பில் இறகு பதிந்த முடிச்சுகளையும் கண்டார்கள். 1971இல் மங்கோலியாவில் போலந்து–மங்கோலியக் குழு தோண்டியெடுத்த ஒன்றை நீங்கள் தேடிப் பார்க்கவேண்டும். வெலோசிராப்டரும் புரொட்டோசெராடாப்ஸும் கட்டிப்பிடித்துச் சண்டை போட்டபடியே மண்ணில் புதைந்து கல்லாகியிருக்கின்றன. ராப்டரின் அரிவாள் நகம் எதிரியின் கழுத்துப் பக்கம் இருக்கிறது; எதிரி ராப்டரின் வலக்கையைக் கவ்வியிருக்கிறது. சமாதானம் பேச ஆள் வருவதற்குள் மணல் வந்துவிட்டது.

கே: எங்கள் வீட்டு லோங்காங்கில் ஓர் உடும்பு வருகிறது. டைனோசரின் வாரிசு என்று பிள்ளைகளைப் பயமுறுத்தி வைத்திருக்கிறேன். சரிதானே?
– இல்லத்தரசி, புந்தோங்

ப: பயமுறுத்தியது சரி, வாரிசுச் சான்றிதழ் தவறு. உடும்பு வேறு கிளை. உண்மையான வாரிசை நீங்கள் பசாரில் கிலோ கணக்கில் வாங்குகிறீர்கள், அக்கா.

அடுத்த முறை முழுக்கோழி வாங்கினால் வெட்டச் சொல்லாமல் கொண்டுவாருங்கள். கழுத்தும் நெஞ்சும் சேரும் இடத்தில் கவட்டை போல் ஒரு சின்ன எலும்பு இருக்கும். காறையெலும்புகள் இரண்டும் நடுவில் ஒட்டிக்கொண்டு வந்தது அது. டி. ரெக்ஸுக்கும் அதே எலும்பு உண்டு. இப்போது காலைப் பாருங்கள்: முன்னால் மூன்று விரல், மேலே செதில். டைனோசர் மிதித்த சேற்றுத் தடத்திலும் அதே மூன்று விரல். முதுகெலும்பை உடைத்தால் உள்ளே காற்றறைகள் தெரியும். நுரையீரலோடு சேர்ந்த காற்றுப் பைகள் எலும்புக்குள்ளேயே புகுந்த ஏற்பாடு. கொன்று தின்னும் பெரிய டைனோசர்களும் அந்த ஏற்பாட்டால்தான் உடம்பைக் கொஞ்சம் லேசாக வைத்துக்கொண்டன. பார்த்து முடித்ததும் பிரட்டல் செய்துவிடுங்கள். ஈப்போவின் தாவ்கே கோழிக் கடைகளில் வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் டைனோசருக்குத்தான் காத்திருக்கிறார்கள்.

கே: குனோங் ராப்பாட் குகைகளில் டைனோசர் எலும்பு கிடைக்குமா? அடுத்த வாரம் நண்பர்களோடு போகிறேன்.
– சாகசக்காரர், சிலிபின்

ப: சுத்தியலை வீட்டிலேயே வையுங்கள். கிந்தாப் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகள் கடலடியில் உருவானவை. வயது 25 கோடி ஆண்டுகளுக்கும் மேல். முதல் டைனோசர் வருவதற்கு முன்பே பாறை தயார். உள்ளே இருப்பவை கடல் சிப்பி வகைகள். பின்னால், டைனோசர் காலம் தொடங்கியிருந்தபோது, கீழிருந்து கருங்கல் குழம்பு மேலே வந்தது. நமக்கு ஈயம் தந்தது அது. ஆயிரம் டிகிரி வரை கொதிக்கும் குழம்பில் எலும்பு தேடக் கூடாது.

ஆனால் குகைகள் காலி என்று நினைக்காதீர்கள். தம்புன் பக்கத்துக் குகையில் ஈயமண்ணோடு கிடைத்த பழைய எலும்புகளை 1960களில் ஒரு டச்சு ஆய்வாளர் பார்த்தபோது அதில் நீர்யானை இருந்தது. ஈப்போவில் நீர்யானை! டைனோசர் கிடைக்காத வருத்தம் எனக்கு அதைப் படித்த அன்றோடு போயிற்று.

கே: என் தாத்தா அரியலூர்ப் பக்கத்திலிருந்து தோட்டத்துக்கு வந்தவர். எங்கள் பூர்வீக மண்ணில் டைனோசர் உண்டா?
– ஓய்வுபெற்ற கிராணி, கம்பார்

ப: உண்டு. அதில் உலகப் பிரசித்தி பெற்ற ஒரு குழப்பமும் உண்டு. அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் (அப்போது திருச்சி மாவட்டம்) இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் ராட்சச எலும்புகளைக் கண்டார்கள். ஒரு கால் எலும்பின் நீளம் மட்டும் 2 மீட்டர். 1987இல் புருஹத்காயோசரஸ் என்று பெயரிட்டு, மாமிசபட்சிணி வரிசையில் உட்கார வைத்தார்கள். அது உண்மையென்றால் டி. ரெக்ஸ் அதன் முன்னால் ஆட்டுக்குட்டி. பிறகு மற்றவர்கள் பார்த்து, ‘இது கழுத்து நீண்ட இலை தின்னி’ என்றார்கள். இன்றைக்கு அதுதான் ஏற்கப்பட்ட முடிவு. எடை 110 முதல் 170 டன் என்று 2023இல் ஒரு மதிப்பீடு வந்தது. பூமியில் நடந்தவற்றிலேயே பெரியதாக இருக்கக்கூடும். சரிபார்க்கலாம் என்றால் எலும்பு இல்லை. பொடிப்பொடியாக உதிர்ந்துபோயிற்று. படங்களும் அளவுகளும்தான் மிச்சம். கூட ஒரு பல் கிடைத்திருந்தால் இலையா இறைச்சியா என்று அன்றே பேச்சை முடித்திருக்கலாம்.

அசல் வேட்டைக்காரன் அதே கல்லமேட்டில் கிடைத்தான், சில மில்லிமீட்டர்ப் பல்லாக. டிரூடோன்டிட் என்ற, ஒல்லியான, பறவைக்கு நெருங்கிய இனம். வடக்குக் கண்டங்களில் மட்டும் இருந்ததாக நினைத்த குடும்பம் அது. 2013இல் அந்தப் பல் எண்ணத்தை மாற்றியது. 170 டன் எலும்பு தராத தெளிவை ஒரு பொடிப் பல் தந்துவிட்டது.

கே: ராஜா பெயரில் ஒரு டைனோசர் உண்டாமே?
– ராஜா என்ற பெயருள்ள மூவரில் ஒருவர், புந்தோங்

ப: ராஜாசாரஸ் நர்மதென்சிஸ். குஜராத்தின் ராகியோலியில் 1980களில் எடுத்த எலும்புகள். பெயர் வைத்தது 2003இல். மண்டையில் ஒரு குட்டிக் கொம்பு, கட்டையான கை. அதே வட்டாரத்தில் டைனோசர் முட்டையைச் சுற்றிப் படுத்த 3.5 மீட்டர்ப் பாம்பு ஒன்றும் கல்லாகக் கிடைத்திருக்கிறது. ராஜா ஆண்டாலும் முட்டைக்குப் பாதுகாப்பில்லை.

கே: டைனோசர் கர்ஜித்தால் எப்படி இருக்கும்?
– ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர், மெங்லெம்பு

ப: ‘ஜுராசிக் பார்க்’ படத்தில் கேட்டது குட்டி யானை, புலி, முதலைக் குரல்களின் கலவை. அசல் ஆசாமி வாயை மூடிக்கொண்டு தொண்டையில் ‘ம்ம்ம்’ என்று அதிர்ந்திருக்கலாம் என்கிறார்கள், முதலையும் புறாவும் செய்வது போல. உங்கள் தொழிலுக்கு ஆபத்தில்லை.

கே: மகன் பல் மருத்துவராகவேண்டும் என்பது என் கனவு. அவனோ டைனோசர் ஆராய்ச்சிதான் செய்வேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். என்ன செய்ய?
– கவலையில் ஒரு தாய், புந்தோங்

ப: முதலில் ஈப்போவில் உள்ள புவியியல் அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் அழைத்துப் போங்கள், அம்மா. கல்லையும் கனிமத்தையும் இரண்டு மணி நேரம் பார்த்த பிறகும் அவன் அலுத்துக்கொள்ளாவிட்டால் ஆசை நிஜம். உயிரியலும் வேதியியலும் நன்றாகப் படிக்கட்டும், பல்கலைக்கழகத்தில் புவியியல் எடுக்கட்டும். எப்படிப் பார்த்தாலும் அவன் பல்லைத்தான் பார்க்கப்போகிறான். நோயாளி வலிக்கிறது என்று கத்தமாட்டார், அவ்வளவுதான். கட்டணமும் கட்டமாட்டார், அதற்கு மட்டும் மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.